முதலிடம் எந்த வட்டுக்கு?

நம் சங்க அறையின் மூலையில் ஒரு மேசைக் கணினி இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். 2012-ஆம் ஆண்டில் அன்றைய உறுப்பினர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, நேரு பிளேசுக்குச் சென்று உறுப்பு உறுப்பாக வாங்கி வந்து பூட்டிய கணினி அது. அதன் வயிற்றுக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்குகள் இருக்கின்றன. ஒன்றில் விண்டோஸ் இருக்கிறது. மற்றொன்றில் நம் இதழின் பழைய ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்களும், பொங்கல் விழா நிழற்படங்களும், நாடகங்களின் ஒலிப்பதிவுகளும், உறுப்பினர் பதிவேடும் இருக்கின்றன. அச்சுப் பிரதிகளிற் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆதலால் பல இதழ்களுக்கு அந்த வட்டு ஒன்றே இன்று புகலிடம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இந்தக் கிழட்டுக் கணினிக்கு இல்லை. ஆகவே புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி அதில் லினக்ஸ் நிறுவுவது என்று சென்ற செயற்குழுவில் முடிவாயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் கூட்டம் கலையும் நேரத்தில் நண்பர் ஒருவர், "பழைய இரண்டும் அப்படியே இருக்கட்டும். புதியதைக் காலியாக இருக்கும் ஏதாவதோர் இடத்தில் செருகிவிட்டால் போகிறது. இந்தக் காலத்தில் வரிசையை யார் பார்க்கிறார்கள்?" என்றார். பலரும் தலையசைத்தனர். நான் தலையசைக்கவில்லை. வாய் திறந்து மறுக்கவும் இல்லை. மெஸ்ஸை மூடிவிடுவார்கள் என்ற கவலை எனக்கு. அன்று சொல்லாத மறுமொழியை இன்று எழுத்தில் சொல்கிறேன்.

நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வரிசையே எல்லாமாக இருந்த காலம் ஒன்று உண்டு, அது போய்விட்டது. என் மாமா தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. நிலையம் நடத்தி வந்தார். திருமண அழைப்பிதழ், கோயில் விழா நோட்டீஸ், கல்லூரி மலர் எல்லாம் அங்கே உருவாகும். அவர் மேசை இழுப்பறையில் ஒரு விபூதி டப்பா இருந்தது. அதைத் திறந்தால் விபூதி இராது. நெல்மணி அளவிற்கும் சிறிய கறுப்பு ஜம்பர்கள் இருக்கும். அக்காலத்து ஐ.டி.இ. கேபிள் ஒன்றில் இரண்டு வட்டுகள் பூட்டலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதை வட்டின் முதுகில் உள்ள ஊசிகளில் ஜம்பரை மாட்டித்தான் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டராக்கினால் இரண்டுமே கண்ணில் படாமற் போகும். ஆண்டான் அடிமை முறையைக் கம்பிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்களே என்று நான் மாமாவிடம் கேலி செய்ததுண்டு. தர நூல்களில் "0-ஆம் கருவி, 1-ஆம் கருவி" என்றுதான் எழுதியிருந்தார்கள். மக்கள் வாயில் நின்றது மற்றதுதான்.

அக்காலத்தில் வட்டின் வரிசையே அதன் பெயராகவும் இருந்தது. டாஸ் என்ற இயங்குதளம் முதல் வட்டின் முதன்மைப் பகுதிக்கு சி என்று பெயரிடும். இரண்டாவது வட்டு இருந்தால் அதன் முதன்மைப் பகுதிக்கு டி என்று பெயரிடும். அதன் பிறகே முதல் வட்டின் மற்றப் பகுதிகளுக்குத் திரும்பி வரும். மாமா தம் ஒரே வட்டை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, வேலைகளையெல்லாம் டி-யில் வைத்திருந்தார். பெருமையோடு இரண்டாவது வட்டு ஒன்றை வாங்கிப் பூட்டினார். புதிய வட்டு டி ஆயிற்று. பழைய டி-யை ஈ ஆக்கிவிட்டது. அழைப்பிதழ்க் கோப்புகளுக்குள் இருந்த படங்கள் எல்லாம் டி-யைத் தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பின. முகூர்த்த நாள் நெருங்கிய நேரம். அன்றிரவு முழுவதும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படங்களை மறுபடியும் இணைத்ததாக மாமா இன்றும் சொல்வார்.

2003-இல் சாட்டா முறை வந்தது. ஒரு கேபிளுக்கு ஒரு வட்டு. மாஸ்டரும் இல்லை, ஸ்லேவும் இல்லை; ஜம்பர் தொல்லையும் இல்லை. கேபிளின் நிறத்திற்கும் பொருள் இல்லை. சிவப்புக் கேபிள் விரைவானது என்று நம் விடுதியில் ஓர் ஐதிகம் உலவுகிறது. அதை நம்ப வேண்டா. பின்னர் பயாஸுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. வந்தது. பழைய பயாஸ் முதல் வட்டு எது என்று எண்ணிப் பார்த்து அதிலிருந்தே துவங்கும். புதிய முறையில் வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 128 பிட் நீளமுள்ள தனி அடையாள எண் எழுதப்படுகிறது. எந்தப் பகுதியிலிருந்து துவங்குவது என்பதை அந்த அடையாளத்தோடு மதர்போர்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. வட்டை ஓர் இடத்திலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் செருகினாலும் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸும் தன் அட்டவணையில் யு.யு.ஐ.டி. என்ற அடையாளத்தை எழுதி வைத்துக்கொண்டு அதன்படியே வட்டுகளை இணைக்கிறது.

அப்படியானால் நண்பர் வென்றுவிட்டாரே எனலாம். பொறுங்கள்.

இயந்திரத்திற்கு வரிசை வேண்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினியின் மூடியைத் திறப்பது மனிதன். கட்டளையைத் தட்டுவதும் மனிதன். அவனுக்கு 32 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் நினைவில் நிற்காது. "முதலாவது, இரண்டாவது, மூன்றாவது" என்பதே நிற்கும். இயந்திரம் வரிசையை மறந்துவிட்டது, மனிதன் மறக்கவில்லை. இந்த இடைவெளியில் விழுந்தவன் நான். எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாவிட்டால் இக்கட்டுரைக்கு எடை இராது.

சென்ற குளிர்கால விடுமுறையில் ஊருக்குப் போகாமல் எங்கள் ஆய்வகத்திலேயே தங்கினேன். அங்கே ஆய்வு மாணவியாக இருக்கும் அக்கா ஒருவர், நாகர்கோவில் பக்கத்தவர், மெல்லிய உலோகப் படலங்களின் மேல் ஒளியைச் செலுத்தி நிறமாலை அளவீடுகள் எடுத்து வந்தார். 11 கிழமைகளாக எடுத்த அளவீடுகள் ஆய்வகக் கணினியின் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அவற்றிற்கு ஒரு நகல் வேண்டும் என்று அதே கொள்ளளவில், அதே நிறுவனத்தின், அதே மாதிரி வட்டு ஒன்றை வாங்கியிருந்தார்கள். சிஸ்டம் இருந்த எஸ்.எஸ்.டி.-யோடு சேர்த்து மொத்தம் மூன்று. புதிய வட்டை நான்தான் பூட்டினேன். சோதனைக்காக அதில் ஒரு கோப்பு முறைமையும் அமைத்துப் பார்த்தேன். பிறகு குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டேன்: எஸ்.டி.ஏ. சிஸ்டம், எஸ்.டி.பி. புதியது, காலி; எஸ்.டி.சி. அளவீடு.

இரண்டு நாள் கழித்து, சிஸ்டத்தைப் புதிதாக நிறுவலாம் என்று எண்ணினோம். அதற்கு முன் பெட்டியைத் திறந்து தூசு தட்டினேன். தில்லித் தூசைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபிள்களைக் கழற்றித் துடைத்தேன். கைக்கு வந்தபடி திரும்பச் செருகினேன். வரிசை யார் பார்க்கிறார்கள்? பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, குறிப்பேட்டைப் பார்த்து, எஸ்.டி.பி.-யில் புதிய கோப்பு முறைமை அமைக்கும் கட்டளையைத் தட்டினேன். கணினி எச்சரிக்காமல் இல்லை. இதில் ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருக்கிறதே, தொடரலாமா என்று கேட்டது. புதிய வட்டில் நானே முன்பு ஒன்றை அமைத்திருந்தேன் அல்லவா? அதைத்தான் சொல்கிறது என்று எண்ணி, ஆம் என்றேன். கொள்ளளவும் அதே, மாதிரியும் அதே. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. வழக்கமான சிஸ்டத்தில் இருந்திருந்தால் அளவீட்டு வட்டு பயன்பாட்டில் இருந்திருக்கும், கட்டளை மறுத்திருக்கும். பென் டிரைவில் எழுந்த கணினிக்கு எந்த வட்டும் பயன்பாட்டில் இல்லை. ஆகவே மறுக்கவில்லை.

ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது.

மீட்பு மென்பொருள்களை மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். பெயரும் நாளும் இழந்த கோப்புகள் சில வந்தன. எந்தப் படலம், எந்த வெப்பநிலை, எந்த நாள் என்று தெரியாத எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருவியோடு இணைந்த கணினி கடைசி நான்கு கிழமை அளவீடுகளை மட்டும் வைத்திருந்தது. மீதி ஏழு கிழமை போயிற்று. அந்தப் படலங்களும் அதற்குள் காற்றுப் பட்டு மாறிவிட்டன. மறுபடியும் அளக்க வழியில்லை. அக்காவின் ஆய்வேட்டில் ஓர் இயல் அதை நம்பி இருந்தது. அவரிடம் சொல்ல எழுந்து நின்றபோது எனக்கு நா எழவில்லை. அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, நீ முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிழை என்னுடையதுதான். ஒரே நகலில் 11 கிழமை உழைப்பை விட்டு வைத்தது யார் பிழை என்று கேட்டால் அதற்கும் ஒரு விடை இருக்கிறது. ஆனால் அது வேறு கட்டுரை.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் லினக்ஸ் பயின்ற மூத்தவர்கள் பலர் எழுத்துப் பெயரை நம்புகிறார்கள்; என் போன்றோர் அவர்களிடம் கற்றவர்கள். அவர்கள் காலத்தில் அந்த நம்பிக்கை தவறன்று. ஐ.டி.இ. வட்டுகளுக்கு லினக்ஸ் எச்.டி.ஏ., எச்.டி.பி. என்று பெயரிட்டு வந்தது. முதல் கேபிளின் மாஸ்டர் என்றும் எச்.டி.ஏ.; இரண்டாம் கேபிளின் மாஸ்டர் என்றும் எச்.டி.சி. நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெயர் நகராது. அந்தப் பெயர் இடத்தைக் குறித்தது. 2007 வாக்கில் அந்த வட்டுகளும் எஸ்.டி. என்று தொடங்கும் பெயருக்கு மாறின. இந்தப் பெயர் இடத்தைக் குறிப்பதில்லை. கண்டறியப்பட்ட முறையையே குறிக்கிறது. எது முதலில் குரல் கொடுத்ததோ அது ஏ. கேபிளைக் கழற்றவே வேண்டியதில்லை. ஒரு நாள் ஒரு வட்டு சற்றுத் தாமதமாக எழுந்தாலும் பெயர் மாறலாம். செருகிய பென் டிரைவே முதற்பெயரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

நம்மில் பலர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்கள். எஞ்சினிலிருந்து ஐந்தாவது பெட்டி என்று நினைவு வைத்துக்கொண்டு யாராவது ஏறுவார்களா? பெட்டியின் பக்கத்தில் எஸ் 5 என்று எழுதியிருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்? சென்னையிலிருந்து திரும்பும்போது முன்னது பின்னதாகியிருக்கலாம். எஸ் 5 எங்கே நின்றாலும் எஸ் 5-தான். வட்டின் மேல் ஒட்டியுள்ள தாளில் தொடர் எண் அச்சிட்டிருக்கிறது. லினக்ஸும் அதைக் கேட்டால் சொல்லும். மாதிரியின் பெயரும் தொடர் எண்ணும் சேர்ந்த பெயராலேயே ஒரு வட்டுக்குக் கட்டளை இடவும் முடியும். தட்டுவதற்குச் சற்று நீளம். ஏழு கிழமையை விட நீளமன்று.

இதுவரை சொன்னது பெயரைப் பற்றி. இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா இடமும் ஒன்றே என்ற நண்பர் கூற்று இங்கேயும் முழுதும் பொருந்தாது.

நம் சங்கக் கணினியின் மதர்போர்டில் சாட்டா போர்ட்டுகள் ஆறு. அவற்றில் முதல் இரண்டு மட்டும் நொடிக்கு 6 கிகாபிட் வேகம் உடையவை. மற்ற நான்கும் 3 கிகாபிட். 2011-இல் வந்த இண்டெல் சிப்செட் குடும்பத்தின் அமைப்பு அது. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150, 200 மெகாபைட் தருவதே அரிது. 3 கிகாபிட் போர்ட்டே அதற்கு மிகை. நல்ல எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டைத் தாண்டும். அதை மெதுவான போர்ட்டில் செருகினால் ஏறக்குறைய பாதி வேகத்தைத் தூக்கி எறிந்ததாகும். ஆதலால் புதிய எஸ்.எஸ்.டி.-க்கு உரியது முதல் இரண்டு போர்ட்டுகளில் ஒன்று. இப்போது அவ்விரண்டிலும் ஹார்ட் டிஸ்குகள் அமர்ந்திருக்கின்றன. காலியாக இருக்கும் நான்கும் மெதுவானவை! "காலியாக இருக்கும் ஏதாவதோர் இடம்" என்று நண்பர் சொன்னது இதனால்தான் என் காதில் உறுத்தியது.

அதே சிப்செட் குடும்பத்திற்கு ஒரு கதையும் உண்டு. சந்தைக்கு வந்த சில கிழமைகளிலேயே, 2011 ஜனவரி 31-ஆம் நாள், அதில் ஒரு குறை இருப்பதாக இண்டெல் நிறுவனமே அறிவித்தது. 3 கிகாபிட் போர்ட்டுகள் நான்கும் நாளடைவில் நலியக்கூடும். முதல் இரண்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. மாற்றிக் கொடுப்பதற்கு 70 கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். திருத்திய சிப்செட் பின்னர் வந்தது. நம்முடையது அதற்குப் பிறகு வாங்கியது, அஞ்ச வேண்டா. ஆனால் இடைக்காலத்தில் அந்தக் கணினியை வைத்திருந்தவர்களுக்கு உடனடி வழி என்னவாக இருந்தது? வட்டுகளை முதல் இரண்டு போர்ட்டுகளுக்கு மாற்றிக்கொள்வதுதான். செருகும் இடம் ஒரு பொருட்டே அன்று என்பவர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

புதிய கணினிகளில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. எம்.2 என்ற சிறு பட்டை வடிவில் வரும் என்.வி.எம்.இ. வட்டுகளை நேரே மதர்போர்டில் படுக்க வைத்துத் திருகுகிறோம். வழக்கமாக முதல் எம்.2 இடம் செயலியோடு நேரே தொடர்புடையது. மற்றவை சிப்செட் வழியே செல்வதால் பிற கருவிகளோடு பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. சில போர்டுகளில் இரண்டாம் எம்.2 இடத்தில் வட்டை வைத்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் ஓசையின்றி உறங்கிவிடும்.

என் பக்கத்து அறை நண்பர் இரண்டாவது என்.வி.எம்.இ. வாங்கிப் பூட்டினார், மறுநாள் அவருடைய ஹார்ட் டிஸ்க் காணாமற் போயிற்று. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே மெட்ரோ ஏறினார். கடைக்காரர் தம் கணினியில் மாட்டிக் காட்டினார்; படங்கள், பாட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நண்பர் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தார். தேநீர் குடித்துவிட்டு வந்தார். மதர்போர்டோடு வந்த கையேட்டில் அந்தச் செய்தி ஒரு வரியில் இருந்தது. கையேடு பெட்டியிலேயே பிரிக்கப்படாமல் இருந்தது.

இன்னொரு நண்பர் கதை இதைவிட நுட்பமானது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கும்போதே புதிய எஸ்.எஸ்.டி.-யில் விண்டோஸ் நிறுவினார். நன்றாக ஓடியது. ஆறு மாதம் கழித்துப் பழைய வட்டைக் கழற்றித் தம்பிக்கு அனுப்பிவிட்டார். கணினி எழவில்லை. ஏன்? விண்டோஸ் நிறுவி, பழைய வட்டில் ஏற்கெனவே ஒரு துவக்கப் பகுதி இருப்பதைக் கண்டு, துவக்கக் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டிருந்தது. வீடு இங்கே, சாவி ஊருக்குப் போய்விட்டது. நிறுவும் வேளையில் மற்ற வட்டுகளின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் இந்தத் துன்பம் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். சங்கக் கணினியைத் திறக்கும் நாளில் முதலில் இரு ஹார்ட் டிஸ்குகளையும் கழற்றி மேசை மேல் வைக்க வேண்டும். புதிய எஸ்.எஸ்.டி.-யை முதல் போர்ட்டில் செருகி, அது மட்டும் உள்ளே இருக்கும்போது லினக்ஸ் நிறுவ வேண்டும். மேசை மேல் இருக்கும் வட்டை எந்தத் தவறான கட்டளையும் தொட முடியாது. நிறுவி முடித்து, கணினியை அணைத்து, இதழ்கள் இருக்கும் வட்டை மூன்றாம் போர்ட்டிலும், பழைய விண்டோஸ் வட்டை நான்காம் போர்ட்டிலும் செருகலாம். இரண்டாவது வேகப் போர்ட் காலியாகவே இருக்கட்டும். நாளை இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கச் சங்கத்திற்குப் பணம் வராமலா போகும்?

சாட்டா கேபிளின் முனை ஏறக்குறைய 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, அடிக்கடி கழற்றினால் தேயுமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாள்தோறும் கழற்றச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை சிஸ்டம் நிறுவும்போது மட்டும் கழற்றினால் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை 50 தீராது. கழற்ற மனமில்லாதவர்கள் பயாஸ் திரையில் அந்தப் போர்ட்டை முடக்கி வைக்கலாம். எனக்கு என்னவோ திரையில் முடக்கியதைக் காட்டிலும் கையில் கழற்றியதில்தான் நம்பிக்கை.

சிஸ்டத்திற்கு முதல் போர்ட் என்று சொல்வதற்கு வேகம் மட்டும் காரணம் அன்று. நான் அடுத்த ஆண்டு இங்கே இருக்க மாட்டேன். செயலாளரும் இருக்க மாட்டார். மூன்றாண்டு கழித்து, முகம் தெரியாத ஒரு முதலாண்டு மாணவர், இதே மூடியைத் திறப்பார். முதலாவது சிஸ்டமாக இருக்கும் என்றுதான் அவர் மனம் எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பு பொய்யாகாமல் பூட்டி வைப்பது நம் வேலை. அதோடு நிறுத்தவும் கூடாது. எண்ணுவதிலேயே குழப்பம் உண்டு: சில போர்டுகளில் போர்ட்டுகள் 0 என்று தொடங்கும், சிலவற்றில் 1 என்று தொடங்கும், விண்டோஸ் வட்டுகளை 0 முதல் எண்ணும். "இரண்டாவது வட்டு" என்று நான் எழுதி வைத்தால் அவர் எதை எடுத்துக்கொள்வாரோ! ஆதலால் மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். எந்த போர்ட்டில் எந்த வட்டு, அதன் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள், அதில் என்ன இருக்கிறது, என்று பூட்டியது. ஒவ்வொரு வட்டின் முதுகிலும் சிறு சீட்டு: இதழ்கள், அழிக்காதே.

இத்தகைய தாள் ஒன்று இப்போது எங்கள் ஆய்வகக் கணினியில் இருக்கிறது. அக்கா பசை தடவினார், நான் ஒட்டினேன். துறைத் தலைவரிடம் இதை எல்லா ஆய்வகங்களுக்கும் விதியாக்கக் கேட்டிருக்கிறோம். விடை வரவில்லை. மாணவர் நாம் பொதுவாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு கணினிக்கும், விடுதி வாசகசாலையில் இருப்பது உட்பட, இது வேண்டும் என்று நம் சங்கம் எழுத்து மூலம் கேட்கலாம் என்பது என் விண்ணப்பம். செலவு ஒரு தாளும் சிறிது பசையும்.

மற்றொன்றும் செயற்குழு கவனிக்க வேண்டும். வரிசையும் தாளும் தவறான கட்டளையிலிருந்துதான் காக்கும். 2012-இல் வாங்கிய வட்டு தானே ஒரு நாள் நின்றுவிட்டால் தாள் என்ன செய்யும்? திறக்கும் நாளுக்கு முன்னரே இதழ்களின் முழு நகல் ஒன்றை வெளி வட்டில் எடுத்துச் சங்க அறைக்கு வெளியே யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு வெளி வட்டு இருக்கிறது, தருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலாளர் அறையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். திருப்புளி என்னிடம் இருக்கிறது. தூசு தட்டும் தூரிகையும் பழைய பனியனும் யாராவது கொண்டு வர வேண்டும். "இந்தக் காலத்தில் வரிசையை யார் பார்க்கிறார்கள்" என்று கேட்ட நண்பரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தொடர் எண்ணை உரக்கப் படிக்கும் வேலை அவருக்கு. எழுதுவதற்கு மட்டும் கையெழுத்து நன்றாயுள்ள ஒருவர் தேவை. என் எழுத்தை என்னாலேயே படிக்க முடிவதில்லை.